தள்ளித் தள்ளி வைத்த வாளி

போன மாசி மாதம், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, கோயில் படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி என் மனைவி ரெஜினா விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. பூசைக்குப் போகாமல் வீட்டில் நின்று விழுந்திருந்தால், தண்டனை என்று சொல்லி மனதைத் தேற்றியிருப்பேன். இவளோ நற்கருணை வாங்கிக்கொண்டு வந்தவள். ஆண்டவரோடு என் கோபம் அன்றுதான் தொடங்கியது.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. தகடு வைத்துத் தைத்து, மில்லிக்கன் என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரெஜினா கட்டிலில் ஏறினாள். பிறகு இறங்கவில்லை.

எலும்பு பொருந்திவிட்டது என்றார் டொக்டர். நடக்கப் பழக்க வந்த பிசியோ பிள்ளை இன்னும் தெளிவாகச் சொன்னாள்: இப்போது நடக்காவிட்டால் தசை கரைந்துபோகும், பிறகு விரும்பினாலும் நடக்க வராது. ரெஜினா தலையாட்டினாள். பிள்ளை போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"காலை ஊன்ற நினைச்சாலே திரும்ப விழுற மாதிரிக் கிடக்கப்பா. என்னை விடுங்கோ."

பிடித்து நடக்க ஆஸ்பத்திரி தந்த வோக்கரில் நான் துவாய் காயப்போட்டேன்.

எங்கள் சனத்தின் அன்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். செபக்குழு அடிக்கடி வந்தது. மேசை முழுவதும் பழக்கூடைகள். குளிர்சாதனப்பெட்டி முழுவதும் ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஒன்றிலும் ஐஸ்கிரீம் இல்லை, எல்லாம் சொதி. குழுவை நடத்தும் செலின் அக்கா வந்தால் முதலில் தலையணையை உயர்த்துவார். "ரெஜி, நீர் அசையாமல் கிடவும். எல்லாம் நாங்கள் பாக்கிறம்." அவள் தண்ணீரை நினைக்கும் முன்பே நான் தம்ளரோடு நின்றேன். வருத்தக்காரருக்கு வேலை கொடுப்பது எங்கள் ஊராரைப் பொறுத்தவரை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய குற்றம். அவள் எழும்ப வேண்டும் என்று கட்டிலைச் சுற்றி நின்று செபித்தோம். எழும்பப் பார்த்தால் பிடித்துப் படுக்க வைத்தோம்.

வேலை, சமையல், உடுப்பு, மருந்து. எனக்குச் செபிக்கவும் தெம்பில்லை. ஒரு பின்னேரம் பாத்திரம் கழுவிக்கொண்டே செபமாலை சொன்னேன். பாதியில் எங்கே நிற்கிறேன் என்பது மறந்துபோயிற்று. கைகள் நுரைக்குள் இருந்தன. "ஆண்டவரே, எனக்கு ஏலாது. ஆரையாவது அனுப்பும்," என்றேன். ஆமென் சொல்லவும் மறந்துவிட்டேன்.

அந்த நொடியே வாசல் மணி அடித்தது என்று எழுத ஆசைதான். அது அடித்தது அடுத்த நாள் காலை.

வாசலில் ரப்பர் சப்பாத்தோடு ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. எங்கள் தெருமுனையில், புது வீடுகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்திருக்கும் பழைய செங்கல் வீட்டுக்காரி ஹில்டா. ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அவருடைய இங்கிலீசும் என்னுடையதும் இரவல்தான். அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.

"நீ தள்ளின பனி முழுக்க நான் நடக்கிற பாதையில கிடக்கு."

மன்னிப்புக் கேட்டேன். மனைவிக்குச் சுகமில்லை என்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கூப்பிடாமலே உள்ளே வந்து, ரெஜினாவைப் பார்த்தார். பழக்கூடைகளைப் பார்த்தார்.

"இவள் என்ன வேலை செய்யிறாள்?"

"ஒண்டும் இல்லை. ஏலாது. சும்மா கிடக்கிறாள்."

"ம்," என்றார். போய்விட்டார். ஆண்டவரே, இதற்கு நீர் ஆரையும் அனுப்பாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ஒரு தகர வாளியோடு வந்தார். குளிர்காலம் முழுவதும் அவர் நிலவறையில் கிடந்த உருளைக்கிழங்கு. பாதி அழுகல், மீதியில் மீசை மாதிரி முளை. வாளியைக் கட்டிலில், வெள்ளை விரிப்பின் மேல், ரெஜினாவின் மடியருகே வைத்தார். "அழுகினதை எறி. முளையை முறி. எனக்குக் கண் வடிவாத் தெரியாது."

"என்னப்பா இது? படுக்கிற இடத்தில மண்ணைக் கொண்டந்து வைக்குது மனிசி!"

பல கிழமைகளுக்குப் பிறகு ரெஜினாவின் குரல் உயர்ந்தது அன்றுதான். ஹில்டா கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு அழுகலை நல்லதோடு சேர்த்துப் போட்டார். அது போதும். பிழையாக வேலை செய்கிறவரைப் பார்த்துக்கொண்டிருக்க ரெஜினாவால் முடியாது. கையை நீட்டினாள்.

அடுத்த நாள் வாளி அறை வாசலோடு நின்றுவிட்டது. "இதுக்கு மேல எனக்குத் தூக்க ஏலாது," என்றார் ஹில்டா. நான் பாய்ந்து எழும்பினேன். அவர் என் சட்டையைப் பிடித்து இருத்தினார். அந்த வயதில் அப்படி ஒரு பிடி! "விழுந்த பசுவுக்கு வாய்க்குக் கிட்டத் தீனி வைச்சால் அது ஒரு நாளும் எழும்பாது. கொஞ்சம் தள்ளி வைக்கவேணும். நீ போய்ப் பனி தள்ளு."

"என்னையோ மாடு எண்டுது?" என்றாள் ரெஜினா.

"ஓம்," என்றேன்.

அந்தக் கோபத்தில்தான் அவள் காலை நிலத்தில் வைத்தாள். வோக்கரிலிருந்த துவாயை எடுத்து என் மேல் எறிந்தாள். நான் வெளியே போய், இல்லாத பனியைத் தள்ளினேன். ஓடிப்போய்ப் பிடிக்காமல் நிற்பதைப் போலக் கஷ்டமான வேலையை என் வாழ்க்கையில் செய்ததில்லை. யன்னலால் பார்த்தேன். நடுங்கினாள். அழுதாள். வாசல் வரை போனாள்.

பிறகு வாளி சமையலறைக்குப் போனது. பிறகு பின்கதவடிக்கு. கிழங்கு உரித்தபடி ஹில்டா தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். கல்யாணமான புதிதில் ஒரு பெட்டியோடு கப்பலில் வந்தாராம். அப்போது எங்கள் தெரு முழுவதும் அவர்களுடைய கிழங்கு வயலாம்.

"நீ மாதா சுரூபம் வைச்சிருக்கிற மூலை இருக்கே, அதில என்ர பண்டிக் கொட்டில் இருந்தது."

மாதா நிற்கும் இடத்தில் பன்றி! ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். ஹில்டா சிரித்தார்.

ஆறு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை தவழும்போது புருசன் மாரடைப்பால் செத்துப்போனார். விடியற்காலை. பசுக்கள் கத்தத் தொடங்கிவிட்டன. "முதல்ல பால் கறந்தன். பிறகுதான் போதகரைக் கூப்பிட்டன்." பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேலை, முட்டை பொறுக்கத் தெரிந்தவன் முட்டை பொறுக்க வேண்டும். படுக்கையில் கிடந்த மாமியாருக்கும் சாகும்வரை போஞ்சிக்காய் உடைக்கும் வேலை இருந்தது. "வேலையைப் பறிச்சுப்போட்டால் அந்த மனிசிக்கு வேற என்ன மிச்சம்?"

முழங்காலில் நின்று செபிக்க நேரம் இருக்கவில்லையாம். பசுவின் விலாவில் நெற்றியை வைத்துக் கறந்துகொண்டே செபித்தாராம். "சூடா இருக்கும். அதுவும் மூச்சு விடும். கடவுள் பக்கத்தில நிக்கிற மாதிரி."

வைகாசியில் அவருடைய பின்வளவில் நட்டோம். ரெஜினா வோக்கரை வேலியில் சாய்த்துவிட்டு, தடியை ஊன்றி, வரிசை முழுவதும் நடந்து கிழங்குத் துண்டுகளைப் போட்டாள். நான் குழி தோண்டினேன். அப்போதுதான் ஹில்டாவிடம் சொன்னேன்: "அன்ரி, நான் கேட்டுத்தான் ஆண்டவர் உங்களை அனுப்பினவர்."

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "பிள்ளைகள் எல்லாம் தூரம். இந்த முறை நட ஏலாது எண்டு தெரிஞ்சு, குளிர்காலம் முழுக்க நான்தான் கேட்டுக்கொண்டிருந்தன், இரண்டு கை அனுப்பச் சொல்லி." ரெஜினாவைக் காட்டினார். "உன்னைக் கேக்கேல்லை."

இதை வாசிக்கும் சகோதரர்களே, ரெஜினா இன்னும் நொண்டுகிறாள். எனக்கு இன்னும் களைப்புத்தான். களைப்பை எடுத்துவிடும், ஆண்டவரே, என்று நான் கேட்கவுமில்லை. ஆனால் இப்போது காலையில் தேத்தண்ணி அவள் போடுகிறாள். நான் கதிரையில் இருந்து, எழும்பாமல், அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுதான் என் காலைச் செபம். உங்கள் வீட்டிலும் யாராவது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தால், தெம்பில்லாமலே கேளுங்கள், ஆமென் மறந்தாலும் பரவாயில்லை. ஆண்டவர் கேட்கிறார். யார் வந்தாலும் உள்ளே விடுங்கள். விரிப்பைத் துவைத்துக்கொள்ளலாம்.