மஞ்சள் துண்டு

அலுவலக வாட்ஸப் குழுவில், “இப்ப என்ன புக் படிக்கிறீங்க?” என்று யாரோ கேட்டிருந்தார்கள். பதில் எழுதப் புத்தகத்தை எடுத்தேன். பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த பனியன் துணித் துண்டு மடியில் விழுந்தது.

வீரபாண்டியில் நாங்கள் குடியிருந்தபோது அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட், அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் பகல் வேலை. ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்பிவிடுவார். வாடகை நூலகத்திலிருந்து எடுத்த ஒரே நாவலை இருவரும் படிப்பார்கள். பக்க அடையாளத்துக்கு அப்பாவுக்கு நீலத் துண்டு, அம்மாவுக்குச் சிவப்பு.

“கண்ணு, உங்கம்மா எதுவரைக்கும் வந்திருக்கா?” என்று சாய வாடையோடு செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்பார். சாயங்காலமானால் அம்மா, “உங்கப்பா என்னைய உட்டுட்டு முன்னாடி போயிட்டாரா?” என்பாள். நான் என்ன படிக்கிறேன் என்று இருவருமே கேட்டதில்லை.

ஒருநாள் அந்த நாவலின் ஆரம்பப் பக்கங்களில் ஒரு மஞ்சள் துண்டை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். மறுநாள் திறந்தால், பாதிப் புத்தகம் தாண்டியிருந்த நீலமும் சிவப்பும் ஆரம்பத்துக்கே திரும்பி வந்து மஞ்சளை ஒட்டிக் கிடந்தன.

குழுவில் புத்தகத்தின் பெயரை எழுதினேன். சிலர் கட்டைவிரல் காட்டினார்கள். எதுவரைக்கும் வந்திருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.