ஆத்தா இறங்கவில்லை என்றார்கள்

அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எல்லாம் முடித்த பிறகும் ஆத்தா என்னை விட்டுப் போகவில்லை என்று எங்கள் தெரு முடிவு செய்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. படித்தவள், சம்பளக்காரி என்ற திமிர் கொஞ்சம் உண்டு. நோய் முதலில் தின்றது அந்தத் திமிரைத்தான்.

தின்ற சோறு எங்கே போகிறதென்று தெரியாமல் இளைத்தேன். மார்கழியிலும் வியர்த்துக் கொட்டியது. விரல் நடுங்கி, ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அடித்தேன். பிறகு கண்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்தன. சும்மா பார்த்தாலே முறைப்பது போலிருக்கும். "என்னம்மா, நான் என்ன தப்பா சொல்லிட்டேன், இப்பிடிப் பாக்கறீங்க?" என்று சூப்பிரண்டு ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார். வெட்கத்தில் செத்தேன். கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டிக்கொண்டால், சினிமாக்காரி வருகிறாள் என்று பஸ்ஸில் சிரித்தார்கள்.

எங்கள் தெருப் பெண்கள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். நடுங்கும் கை, உருட்டும் விழி, திடீர் திடீரென்று வரும் கோபம், எல்லாமே அவர்களுக்குத் தெரிந்த அடையாளங்கள். வெள்ளிக்கிழமையானால் எலுமிச்சம்பழத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். "ஒரு சிட்டிகை துன்னூறு வெச்சி விடும்மா." நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். கோபத்தில் கதவைச் சாத்தினால், ஆத்தாவுக்குக் கோபம் ஜாஸ்தி என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

என் மாமியார் இந்தக் கூட்டத்தில் சேரவில்லை என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல். அதிகம் பேசாத மனுஷி. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவரும் வந்து என் காலில் விழுந்தார். மாமியார் போய் மருமகள் காலில் விழுவதா? உடம்பெல்லாம் கூசியது. "எழுந்திருங்க அத்தை, அசிங்கமா இருக்கு" என்று கத்தினேன். அவர் அழுதார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அதற்குமேல் என் கணவர் பொறுக்கவில்லை. டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அத்தையும் கூடவே கிளம்பிவிட்டார். டாக்டர் என் கையை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அது படபடவென்று ஆடியது. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று மூவரும் மறுபடி போனோம்.

"தைராய்டு ஜாஸ்தியா சுரக்குதுங்க. உடம்புல இருக்கற எதிர்ப்புச் சக்தியே அதப் போய்ச் சீண்டிக்கிட்டு இருக்கு. வீட்டு நாயே வீட்டுக்காரனை அடையாளம் தெரியாம தொரத்தற மாதிரி."

"அது எதனால வந்துச்சிங்க?" என்று கேட்டது அத்தை.

"பரம்பரையா இருக்கலாம். அம்மை மாதிரி ஏதாவது தொத்து வந்துட்டுப் போனப்புறம் சில பேருக்கு ஆரம்பிக்கலாம்னும் சொல்றாங்க. உறுதியா சொல்ல முடியாது."

ஆத்தா இல்லை, தைராய்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. வெளியே வந்தபோது அத்தையும் அழுதுகொண்டிருந்தார். எனக்கு அம்மை வருவதற்கு முன் லீவுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மகள் வயிற்றுப் பேத்தியை அழைத்து வந்திருந்தார், அப்போதே அந்தப் பெண்ணின் முதுகில் இரண்டு மூன்று அம்மை முத்து இருந்ததாம். சொன்னால் வேனில் ஏற்ற மாட்டார்கள், நானும் முகம் சுளிப்பேன் என்று மறைத்துவிட்டாராம். அவளைக் குளிப்பாட்டிப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டவள் நான். எனக்கு அதுவரை அம்மை வந்ததில்லை என்று அத்தைக்குத் தெரியும்.

"அதுக்குத்தாம்மா உன் கால்ல விழுந்தேன். ஆத்தா கால்லன்னா நெனச்ச?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் வந்தபோது அவரே வாசலை மறித்து நின்றார். "இங்க சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது நான் கொண்டாந்து குடுத்த நோவு. போங்க." தெருவே கேட்டது. நான் கண்ணாடிகூடப் போடாமல் வெளியே ஓடினேன்.

"டாக்டர் அப்பிடிச் சொல்லல அத்தை. இருக்கலாம்னுதான் சொன்னாரு."

"இல்லன்னு சொன்னாரா?"



மாத்திரையில் நடுக்கம் நின்றது. கண்ணும் ஓரளவு அடங்கியது. அதன்பின் பார்த்த டாக்டர்கள் எல்லோரிடமும் அத்தைக்காகவே அந்தக் கேள்வியைக் கேட்டேன். அம்மையால்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை, அம்மையால் இல்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை. சாகும்வரை அத்தை நான் சாப்பிட்டு எழாமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை. உட்காருங்கள் என்று கெஞ்சியும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். கேட்கவில்லை. வேளாவேளைக்கு அவர் நின்று பரிமாற, தப்பு செய்தவள் நான்தான் என்பதுபோல் தலை குனிந்து சாப்பிட்டேன்.