ஐந்து நிமிடம் முன்னால்

பரிதியின் வீட்டுக் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடும். வீட்டில் யாரும் அதை நம்புவதில்லை. மனதுக்குள் பத்தைக் கழித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்புவார்கள். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான்.

மன்னார்குடிக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் அவன் எலக்ட்ரீசியன். போன வருடம்வரை அங்கேயும் அறைக்கு அறை கடிகாரம் தன் இஷ்டத்துக்கு ஓடியது. பிறகு நிர்வாகம் மாஸ்டர் கிளாக் வாங்கியது. ஆபீஸ் சுவரில் ஒரு பெட்டி, அதிலிருந்து எல்லா அறைகளுக்கும் ஒயர். நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டி ஒரு மின்துடிப்பு அனுப்பும். கட்டடம் முழுக்க முட்கள் ஒன்றாக நகரும். மணியையும் அதுவே அடிக்கும். ஒயர் இழுத்ததும் பார்த்துக்கொள்வதும் பரிதி. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

செமஸ்டர் தேர்வு வந்தது. பஸ்ஸில் வரும் பிள்ளைகள் தினமும் கடைசி நிமிடத்தில் மூச்சு வாங்க ஓடிவந்தார்கள். மனசு கேட்காமல், இனி கொஞ்சம் முன்னதாகவே கிளம்பட்டும் என்று பரிதி பெட்டியின் நேரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கழித்துவிடுவார்களே! நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் வீட்டுக் கடிகாரம் பொய் சொல்வது வீட்டாருக்குத் தெரியும். இங்கே எல்லாக் கடிகாரமும் ஒரே பொய்யைச் சொன்னால் யார் கழிப்பது?

தேர்வு தொடங்கி அரை மணி நேரம்வரை உள்ளே விடுவார்கள். அது முடிந்ததும் ஒரு மணி அடிக்கும். கடைசித் தேர்வன்று அந்த மணி அடித்ததும் வாட்ச்மேன் மூஸா கேட்டை இழுத்துப் பூட்டினார். வழியில் பஸ் பழுதாகி, கூத்தாநல்லூரிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்த கடைசி வருட மாணவி ஷிஃபா கம்பியைப் பிடித்துக்கொண்டு போனைக் காட்டினாள்.

"இன்னும் டைம் இருக்குங்க, பாருங்க!"

"மணி அடிச்சாச்சும்மா. நான் என்ன பண்றது?"

இதை எழுதாவிட்டால் அவளுக்கு இந்த வருடம் பட்டம் இல்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பரிதி தேர்வுப் பொறுப்பாளர் இசைவாணியிடம் ஓடினான்.

"மேடம், தப்பு என்னோடதுங்க. பெட்டிய நான்தான் அஞ்சு நிமிஷம் முன்னால தள்ளி வச்சேன். கேட்டுக்கு வெளிய ஒரு பொண்ணு நிக்குது, அது நேரத்துக்குத்தான் வந்துருக்கு."

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப கேள்வித்தாள் கவரையும் அஞ்சு நிமிஷம் முன்னாடியே பிரிச்சிருக்கோம். வெளிய தெரிஞ்சா உள்ள எழுதுற அத்தனை பேர் பரீட்சையும் செல்லாமப் போயிரும். ஒருத்திக்காக அத்தனை பேரையும் பலி குடுக்கச் சொல்றீங்களா? வாயத் தொறக்காதீங்க, பரிதி. போங்க."

அவரைக் கோபிக்கவும் அவனால் முடியவில்லை. தன்மீதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கால் தானாகக் கேட்டுக்குப் போனது. ஷிஃபா இன்னும் அங்கேயே நின்றிருந்தாள்.

"உன் போன்தாம்மா சரி," என்றான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மணிதான் தப்பு. நான் பண்ண வேலை."

அவள் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பத் தொறங்கண்ணே," என்று கம்பியை உலுக்கினாள். "சீக்கிரம் தொறங்க, நேரம் போவுது."