ரிஜெக்ட் ஆன பாட்டு

பியானோவில் நாலாம் கிரேடு பரீட்சைக்கு மூன்று பாட்டுகள் வாசிக்க வேண்டும். இரண்டை டீச்சரே எடுத்துக்கொடுத்துவிட்டார். மூன்றாவதற்கு ஆறு பாட்டுகள் உள்ள ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, "வீட்ல வாசிச்சுக் காட்டி, எல்லாரும் கேட்டு ஒண்ணு எடுத்துட்டு வா. ஆறு மாசம் அவங்கதான கேக்கப்போறாங்க" என்றார். என் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் எல்லாரும் என்றால் அப்பா மட்டும்தான். அம்மா நர்ஸ். அந்த மாதம் முழுக்க நைட் டியூட்டி என்பதால் சாயங்காலம் வரை உள்ளறையில் தூங்குவார். ஹாலில் கீபோர்டின் சத்தத்தை மூன்று புள்ளிக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். குக்கர் விசிலுக்கு எழாதவர் என் கீபோர்டுக்கு மட்டும் எழுந்துவிடுவார்.

அப்பாவுக்கு மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் வேலை. தோலை அடித்து அடித்து மிருதுவாக்கும் மெஷினில் பன்னிரண்டு வருடம் நின்றுவிட்டு, அப்போதுதான் செலக்‌ஷனுக்கு மாறியிருந்தார். பதனிட்ட தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு, ரிஜெக்ட் என்று ரகம் பிரிக்க வேண்டும். அங்கே அவர் சொன்னால் சொன்னதுதான், முதலாளிகூட மறுபேச்சு பேசமாட்டாராம். அந்த அதிகாரத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

மூன்று விசில் வந்ததும் குக்கரை நிறுத்துங்கள் என்று அம்மா சொல்லிவிட்டுப் படுத்தால், அப்பா பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், ஏழாவது விசிலுக்கு நான்தான் ஓடிப்போய் நிறுத்துவேன். அவ்வளவு கவனம் உள்ள மனிதர்தான் எனக்குப் பாட்டு தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை முதல் பாட்டை வாசித்தேன். நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு, கீபோர்டின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "கைய எடுங்கப்பா, இது தோல் இல்ல" என்றேன். எடுக்கவில்லை. கேட்டுவிட்டு, "தேர்டு" என்றார். செவ்வாய்க்கிழமை வாசித்ததும் தேர்டு. புதன்கிழமை இரண்டு பாட்டு வாசித்தேன். "இதுல ஒண்ணுமே இல்லியேமா" என்று இரண்டையும் கழித்துக்கட்டினார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையில் நான் வாசிக்க ஆசைப்பட்டது ஐந்தாவது பாட்டைத்தான். போனில் கேட்ட அன்றே அதன் மேல் பைத்தியமாகிவிட்டேன். நடுவில் இரண்டு கைகளும் வலப்பக்கக் கடைசிக் கட்டைகளுக்கு ஏறிப்போய், ஒரு பக்கம் முழுக்க அங்கேயே மெல்லியதாக ஓடிக்கொண்டிருக்கும். அப்பாவுக்குத் தெரியாமல் இரண்டு வாரம் பழகி வைத்திருந்தேன். முதல் நாலும் கழிந்தது நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, வியாழக்கிழமை அதை வாசித்தேன். ஒரு விரல் தப்பவில்லை. அந்த உச்சிக்கு ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார்:

"இன்னாமா, முடிஞ்சிச்சா?"

என் விரல்கள் அவர் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தன. இதைவிடக் கேவலமாக ஒருவரை அவமானப்படுத்த முடியாது என்று தோன்றியது. கீபோர்டை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் அழுதேன்.

வெள்ளிக்கிழமை அவரைப் பழிவாங்குவதற்காகவே, பட்டியலில் இருந்ததிலேயே தூங்குமூஞ்சியான ஆறாவது பாட்டை எடுத்தேன். மெட்டு முழுவதும் இடது கையில், அடியில், மாட்டுவண்டி போல நகரும். அப்பா உள்ளங்கையை எடுக்காமல் கடைசி வரை கேட்டார். "இது ஃபர்ஸ்ட்டு" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

சனிக்கிழமை டீச்சரிடம் அதையே சொன்னேன். ஆறு மாதம் அந்த வண்டியை ஓட்டினேன். தினமும் சாயங்காலம் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். பரீட்சையில் தேறினேன். அப்பாவுக்கு ரசனை கிடையாது என்று நான் முடிவுகட்டியதும் அப்போதுதான். பின்னாளில் தோழிகளிடம் அந்தக் கதையை நடித்துக்காட்டிச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

போன வருடம் அவரைக் காது டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே, டெஸ்ட் எடுத்த பெண்ணுக்குப் பக்கத்தில் நான்; அதே சத்தங்கள் அவள் மெஷினின் சின்ன ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டன. தடித்த சத்தங்களுக்கெல்லாம் அப்பா ஒழுங்காக அழுத்தினார். சத்தம் மெலிந்து மேலே ஏற ஏற, விரல் பட்டன் மேல் சும்மா கிடந்தது.

"மெஷின் பக்கத்துல வேலை செஞ்சவரா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "இது ரொம்ப வருஷமா இருக்கணுமே. வீட்ல யாரும் கவனிக்கலியா?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் விரல் சத்தம் கொடுக்கும் பட்டனை இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

"இன்னாமா, முடிஞ்சிச்சா?" என்றார்.