காய வைக்காத வெல்டிங் ராடு

வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் துருப்பிடித்த ஓட்டைகளில் பட்டியைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். தூத்துக்குடியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கு இந்த வைத்தியம் உண்டு. உப்புக் காற்று எதையும் விடாது. பட்டியின் காரமான வாடை மூக்கில் ஏறியதும், இரண்டடி தள்ளி நின்றேன். மற்றவர்களுக்கு வாசனையோடு பால்யம் வரும். எனக்கு வந்தது பயம், அதுவும் பல வருடங்களுக்குப் பிறகு.

இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு ரேஸ் கார் செய்தோம். மாணவர்கள் தாங்களே கட்டிய காரைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டும் போட்டி, கோயம்புத்தூர்ப் பக்கம். கார் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிடாதீர்கள். இரும்புக் குழாய்க் கூண்டு, பின்னால் ஒரு பழைய பைக் இன்ஜின், உள்ளே உட்கார ஓர் ஆள். அந்த ஆள் ஜெரோம். புன்னைக்காயல்காரன், எங்களில் எடை குறைந்தவன், அதனால் டிரைவர். நான் வெல்டர். அதாவது, மற்ற ஏழு பேரும் என்னைவிட மோசமாக வெல்டு வைத்தார்கள்.

எங்கள் ஊரில் இரும்பை ஒட்டவைக்கும் வெல்டிங் ராடு பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் போதும், கடல் ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் பட்டறைகளில் தகரத்தில் ராடுகளைப் பரப்பி, வற்றல் காயவைப்பதுபோல வெயிலில் போட்டிருப்பார்கள். ஈர ராடில் வைத்த வெல்டு குழி குழியாகத்தான் வரும். ஓர் அடிக்குத் தாங்கும், அடுத்த அடிக்குக் கைவிட்டுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

கிளம்பும் நாள் காலையில் பார்த்தால் பிரேக் பெடலைத் தாங்கும் தகடு கோணலாக இருந்தது. வெட்டி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். வெளியே தூறல். காரை ஏற்ற வந்த லாரி காலேஜ் பட்டறை வாசலில் ஹாரன் அடித்தது.

"ஏலே, முடிஞ்சுதா? லாரி அண்ணாச்சி சத்தம் போடுதாரு" என்று ஜெரோம் எட்டிப் பார்த்தான்.

காயாத ராடையே எடுத்து ஒட்டினேன். படபடவென்று பொரிந்தது. ஊசி குத்தினாற்போல ஓட்டைகள் மேலேயே தெரிந்தன. பட்டியை அப்பி, தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். "முடிஞ்சிட்டுலே" என்றேன்.

போட்டியில் முதல் சோதனையைத் தாண்டிவிட்டோம். பரிசோதித்தவர் பெயிண்ட் வேலை நேர்த்தி என்று பாராட்ட வேறு செய்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்தது பிரேக் சோதனை. வேகமெடுத்து வந்து ஒரே மிதி. நான்கு சக்கரமும் அப்படியே நிற்க வேண்டும். நிற்க வேண்டிய கோட்டுக்கு அந்தப் பக்கம் டயர்களை அடுக்கியிருந்தார்கள், அதற்குப் பின்னால் சுவர். ஜெரோம் சிலுவை போட்டுக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினான். சொன்னால் எட்டுப் பேரின் ஒரு வருட உழைப்பு போச்சு. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே முடியவில்லை. சோதனை அதிகாரி கொடியைத் தூக்கப் போன நேரத்தில் ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்றேன்.

"என்னலே?"

"இறங்குலே. பெடல் வெல்டு சரியில்ல. ராடு காய வைக்கல. பட்டி பூசி மறைச்சுட்டேன்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கினான். சோதனை அதிகாரி சின்னச் சுத்தியலால் பெடல் தகட்டைத் தட்டினார். மூன்றாவது தட்டில் தகடு பெயர்ந்து தொங்கியது. கார் அந்த வருடம் ஓடவேயில்லை.

திரும்பி வரும் வேனில் என் பக்கத்துச் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. எட்டயபுரம் தாண்டியபோது ஜெரோம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ரொம்பப் பயந்துட்டியோ?"

"ஆமாலே."

"பயந்தது நல்லதாப் போச்சு" என்றவன், அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஜெரோம் ஏதோ ஒரு கப்பலில் இன்ஜின் பார்க்கிறான். நான் சரக்குத் தூக்கும் கிரேன்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையில் இருக்கிறேன். ஆரம்ப வருடங்களில் ஒவ்வொரு வெல்டாக ஏறித் தட்டிப் பார்ப்பேன். அந்தப் பயம் என்னை உச்சிவரை ஏற்றிவிடும். அது எந்த வருடம் என்னை விட்டுப் போனது என்று தெரியவில்லை. நேற்று ஒரு கிரேனைக் கீழே நின்றே அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஏணிப் பக்கமே போகவில்லை. இந்நேரம் அதற்கடியில் ஆட்கள் நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார்கள்.