எக்ஸ்ரே அக்காவின் கைகள்

ஒன்றைத் தெரிந்துகொண்டால் அதைப் பற்றிய பயம் விட்டுப்போகுமா? எக்ஸ்ரே அக்காவை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அன்பான பேர்வழி என்று சொல்லிவிட முடியாது, வெடுக்கென்று பேசுவாள். அடிபட்ட கையைப் பலகைமேல் எடுத்து வைக்கும்போது மட்டும் விரல்கள் மெத்தென்று இருக்கும். "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துவாள்.

அந்தத் தடுப்புதான் வினையாயிற்று. முன்பு தங்கைக்குக் கணுக்கால் பிசகியபோது அக்காதான் படம் எடுத்தாள். தன்னைப் படுக்கவைத்துவிட்டு அக்கா போய் மறைந்துகொண்டதைத் தங்கை மறக்கவில்லை. பிரசவம் முடிந்து குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று, வேலையிலிருந்து நேரே தொட்டிலுக்கு வந்த அக்காவை மறித்தாள்.

"தொடாதே அக்கா. அந்தக் கதிரெல்லாம் உன் மேல ஒட்டியிருக்கும்."

கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள் அக்கா. இந்தப் பிள்ளையைக் கையில் வாங்கத்தான் மாதக்கணக்காகக் காத்திருந்தாள். வந்த கோபத்தை மென்று விழுங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"உன் தலைமாட்டுல இருக்கே போன், அதுல வர்ற அலை, மைக்ரோவேவ் அடுப்பு, ஜன்னல் வெளிச்சம், எக்ஸ்ரே, எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைங்கடி. ஓடுற வேகம் ஒண்ணு. அலையோட நீளமும் குணமும்தான் வேற."

"நம்ம ரெண்டு பேர் மாதிரியா?"

"ஆமா. ரேடியோ அலை உன்னை மாதிரி, நீட்டி முழக்கும். எக்ஸ்ரே என்னை மாதிரி, சுருக்கமா இருக்கும், குத்தினா உள்ள போயிரும்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா நிறுத்தவில்லை. ரேடியோ அலையும் மைக்ரோவேவும் மிஞ்சிப்போனால் சூடாக்கும். வெயிலோடு வரும் புற ஊதாக் கதிர் தோலைக் கெடுக்கும். எக்ஸ்ரேயோ சதையைத் தாண்டிப் போகிற வழியில் அணுவிலிருந்து எலக்ட்ரானையே பிடுங்கிப் போடும்.

"அதனாலதானே நீ ஒளிஞ்சுக்கறே?"

"உனக்கு அன்னிக்கு ஒரு படம், அதுவும் துளியூண்டு. எனக்கு அதே பொழப்பு. தினமும் எதிர்ல நின்னா சேர்ந்துடாதா?"

"சேர்ந்ததுதான் பிள்ளை மேல வரும்னு சொல்றேன்."

"விளக்கை அணைச்சப்புறம் ரூம்ல வெளிச்சம் மிச்சமிருக்குமா? மிஷினை நிறுத்தினா அதோட சரி. சட்டையிலயும் ஒட்டாது, கையிலயும் ஒட்டாது."

தங்கை விளக்கு சுவிட்சைப் பார்த்தாள். பிறகு, "போ, நான்தான் மக்கு. இந்தா, பிடி" என்று குழந்தையைத் தூக்கி நீட்டினாள்.

அக்கா எழுந்தாள். கை பாதிவரை போயிற்று.

"இரு, வந்துடறேன்."

குளித்து, வேறு உடை உடுத்திக்கொண்டு வந்த பிறகே பிள்ளையை வாங்கினாள். அது நடந்து பள்ளிக்கூடம் போகும்வரை ஒருநாளும் இந்த வழக்கம் மாறவில்லை. "ஒட்டாதுன்னியே, எதுக்கு இந்தக் குளியல்?" என்று தங்கை வம்புக்கிழுப்பாள். அக்கா ஈரத் தலையைத் துவட்டியபடியே வந்து, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள்.