ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னவர்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரின் அறைக்கு வெளியே, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? வண்டியை சர்வீஸுக்கு விடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் தடித்த மீசையும் மடித்துவிட்ட சட்டைக் கையுமாக ஒருவர். நாலு பேரை ஒரே ஆளாக அடிக்கக்கூடியவர் போலிருந்தார். அவருக்கு ஓயாமல் போன் வந்தது. எல்லோருக்கும், தெருவுக்கே கேட்கிற குரலில், ஒரே பதில்தான்.

"மன்சு டாக்டராண்ட வந்துகீறேன் மச்சான். தூக்கமே வரல, சும்மாவே அழுகையா வருது. அப்பால பேசறேன்."

எனக்குத்தான் கூசியது. "இப்படி எல்லார்கிட்டயும் சொல்றீங்களே சார்?" என்றேன்.

"பொய் சொன்னா, யாராண்ட இன்னா சொன்னோம்னு ஞாபகம் வெச்சிக்கணும். அது வேற பேஜாரு" என்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மொதல்ல அத்தக் கழட்டு சார். உள்ள புழுங்கல?"

கழற்றினேன். மின்விசிறிக் காற்று ஈரத் தலையில் பட்டது. அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன். "வண்டி ரெடியாயிடுச்சா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்" என்று, இருக்கிற இடத்தைச் சொன்னேன்.

"அப்பாடா, போயிட்டீங்களா? எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நானே தவிச்சிட்டிருந்தேன்" என்றாள்.

அவரிடம் சொல்லத் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. மூடிய கதவுக்கு அப்பாலிருந்து, அதே பெரிய குரலில் அவர் அழுவது கேட்டது. இந்த முறை எனக்குக் கூசவில்லை.